பன்னெண்டு திரையிலும் ஷபீ பேரு

நம்பாதவங்க இங்கேயே நிறுத்திக்கோங்க, எனக்கு பேஜார் இல்ல. ஆனா இது நடந்தது. 2006, மேல்விஷாரத்துல ஒரு ஷூ கம்பெனி ஆபீஸ். வெள்ளிக்கிழமை, பட்டப்பகல். அங்க புரோகிராம் எழுதற பெர்சிஸ் என்கிட்ட சொல்றப்ப தலையே நிமிரல.

கம்பெனியோட மொத்த கம்ப்யூட்டர் புரோகிராமையும் ஒரே பார்வையில காட்ட, சுவர்ல பன்னெண்டு மானிட்டர் அடுக்கியிருந்தாங்க. ஒரு புரோகிராமுக்கு ஒரு பெட்டி. மொத்தம் 214. தலைப்புல எழுதினவங்கன்னு யார் பேர் இருக்கோ அவங்க நிறம் வரும். அவ கூட வேலை பார்க்கற ஷபீ அஹமதுன்னா பச்சை, பெர்சிஸ்னா சிவப்பு. அத்தனையும் பச்சைதான். தோலோட சதுர அடி கணக்கு போடற புரோகிராம் மட்டும் அவ எழுதினது. ஷபீ மறதியா தன் பேரைப் போட்டுட்டான். அது அவங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். பிஸ்மில்லாவுக்குப் பதிலா மேல 786 போடாம அவன் ஒரு வரி எழுத மாட்டான்.

மஞ்சக்காமாலைன்னு லீவுல போனான், ரெண்டு மாசம் ஆச்சு. வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு முதலாளி அப்துல் சமத் சுவரைப் பார்க்க வர்றாரு. பிடிச்சா பெர்சிஸுக்கு வேலை நிரந்தரம். வியாழக்கிழமை 214லயும் 786ஐ அழிச்சா, ஷபீ பேரை அழிச்சா, தன் பேரைப் போட்டா. கை கூசுச்சாம். கூசி என்ன பிரயோஜனம், செஞ்சுட்டாளே!

வெள்ளி மதியம் எல்லாரும் ஜும்மாவுக்குப் போய்ட்டாங்க. ஆபீஸ்ல இவ மட்டும். சுவர் முழுக்க சிவப்பு.

மணி 2:17.

டக்... டக்...

என்டரை ரெண்டு தடவை தட்டற சத்தம். ஷபீயோட பழக்கம்.

திரும்பினா... அவன் நாற்காலி காலி.

ஒரு பெட்டி பச்சையாச்சு.

டக்... டக்...

பத்து... நூறு...

"ஆண்டவரே..."

213 பச்சை.

ஒண்ணு மட்டும் சிவப்பு.

மூணு மணிக்கு முதலாளி வந்தாரு. விரல்ல மண்ணு. இவ அழுதுகிட்டே கொட்டிட்டா. "சார், எல்லாம் ஷபீ எழுதினது. நான்தான் பேரை மாத்திட்டேன்."

அவர் ஷபீயோட நாற்காலியைப் பார்த்தாரு. "ஷபீ நேத்து ராத்திரி மவுத் ஆய்ட்டான்மா. பள்ளிவாசல் போனப்பதான் எங்களுக்கே தெரியும். இப்பதான் அடக்கம் பண்ணி மண்ணு போட்டுட்டு வர்றேன்."

"எத்தன மணிக்கு சார் அடக்கம்?"

"குழியில இறக்கறப்ப ரெண்டே கால் தாண்டிருக்கும். இன்னாத்துக்கு கேக்கற?"

அவ அந்தச் சிவப்புப் பெட்டியைத் திறந்தா. சதுர அடி கணக்கு.

மேல 786. அதுக்குக் கீழ ஒரு வரி.

"இது பெர்சிஸ் எழுதினது. மறந்து என் பேரைப் போட்டுட்டேன். மாஃப் பண்ணு."

கடைசியா சேவ் ஆன நேரம்... 2:17.