குருவி கையில் பந்து

கூடைப்பந்து ஆடுகிறவர்கள் ஒட்டடைக்குச்சி மாதிரி நெடுநெடுவென்று இருப்பார்கள். இந்த லிஃப்ட் மெக்கானிக் அந்த ரகமில்லை. கட்டிக்கொண்டவளே அவரைவிட ஒரு சாண் உயரம். தான் வளராத குறைக்கு, ஊரையெல்லாம் மாடி மாடியாக மேலே ஏற்றிவிட்டே பிழைத்தார் மனுஷன்.

பதினொரு வயதில் பிடித்த பந்துக் கிறுக்கு அறுபத்திரண்டிலும் இறங்கவில்லை. சின்ன வயதில் எவனும் அவரை நம்பிப் பந்தைக் கொடுக்க மாட்டான். எம்பிக் குதித்து ஆகிற கதையில்லை என்று தெரிந்ததும் உற்றுப் பார்க்கத் தொடங்கினார். இவன் எந்தப் பக்கம் திரும்புவான், திரும்பினால் எந்த இடம் காலியாகும், அங்கே எவன் ஓடி வருவான் என்று எல்லாம் முன்கூட்டியே கண்ணில் ஓடும். நின்றுபோன லிஃப்டின் முன்னாலும் அதே கதைதான். கதவில் காதை வைத்து ஐந்து நிமிடம் சும்மா நிற்பார். "மெக்கானிக் தூங்கிட்டாருப்பா" என்பார்கள். அப்புறம் ஒரே ஒரு திருகாணியைத் திருப்புவார், லிஃப்ட் நகரும். "பந்து வளர்த்த மூளை!" என்று மார்தட்டிக்கொள்வார்.

அந்த மூளை வீட்டுக்கு வந்தால் மட்டும் செருப்போடு வெளியே நின்றுவிடும். கல்யாணமான முதல் வாரம் மனைவி உப்பு கேட்டாள். இவர் ஜன்னலைப் பார்த்தபடியே ஜாடியை அவள் பக்கம் வீசினார். ஆளைப் பார்க்காமல் பந்து கொடுப்பதில்தான் அவருக்குப் பேரே. ஜாடி சுக்குநூறு. அவள் மட்டும் லேசுப்பட்டவளா? அடுத்த மாதமே சாவி, சோப்பு, தக்காளி எது பறந்து வந்தாலும் ஒற்றைக் கையில் பிடித்தாள்.

போன மாதம்தான் சிக்கல் வந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோனார். பாத்திரம் கரிக்கட்டை. அதே வாரம் இன்னொரு பாத்திரம். மகள் பதறிவிட்டாள்.

"அப்பா, உங்களுக்கு ஞாபகம் தப்புது. டாக்டர் பாத்துச் சொல்ற வரைக்கும் வேலையும் இல்ல, ஆட்டமும் இல்ல."

ஷூவைத் தூக்கி பீரோ உச்சியில் வைத்தாள். ஸ்டூலைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். டாக்டரைப் பார்க்கப் போகும்வரை மூன்று நாளும் அவர் பீரோவை அண்ணாந்து பார்த்தபடியே சாப்பிட்டார். வெளியே சிரிப்பு, உள்ளே கிலி. நிஜமாகவே மூளை கழன்றுவிட்டதோ?

டாக்டரம்மா ஐந்து சொற்கள் சொன்னார்: மணி, கயிறு, ஆப்பிள், கதவு, குருவி. பிறகு கடிகாரம் வரையச் சொன்னார், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். கடைசியில், "அந்த அஞ்சு சொல்லையும் சொல்லுங்க ஐயா" என்றார். மகள் நகத்தைக் கடித்தாள்.

அவர் கண்ணை மூடினார். "குருவி பந்தைக் கொண்டு வருது. கதவுக்குக் கொடுக்குது. கதவு கயித்துக்கு, கயிறு மணிக்கு. மணி கூடைக்குக் கீழ நிக்கிற ஆப்பிளுக்கு. ஆப்பிள் போட்டுடுச்சு, ரெண்டு பாயிண்ட்."

"நான் சொன்ன வரிசை இது இல்லையே?"

"வரிசையாக் கொடுத்தா எதிராளி புடிச்சிடுவான், டாக்டரம்மா."

டாக்டர் சிரித்துவிட்டார். "ஞாபகத்துக்கு ஒரு குறைச்சலும் இல்ல. அப்புறம் பால் ஏன் கருகுச்சு?"

அவர் தலையைச் சொறிந்தார். "ஞாயித்துக்கிழமை ஒரு பாயிண்ட்ல தோத்தோம். கடைசிப் பந்தை இடது பக்கம் கொடுத்திருக்கணும். அதை மனசுக்குள்ள திருப்பி ஆடிப் பாத்தேன்."

"ரெண்டு தடவையுமா?"

"முதல் தடவை மனசுலயும் தோத்துட்டேனே!"

"நான் அப்பவே சொன்னேன், இது மறதி இல்ல, கொழுப்புன்னு" என்றாள் கூடவே வந்திருந்த மனைவி.

மகள் மசியவில்லை. "எதனால மறந்தா என்ன? வீடு எரிஞ்சா எரிஞ்சதுதான். ஷூ கீழ வராது."

மனைவி யோசித்தாள். "என்னங்க, அடுப்பை எதிரணி ஆளுன்னு நெனச்சுக்கோங்க. கண்ணை எடுத்தீங்க, அவன் கூடை போட்டுடுவான்."

மறுநாள் காலை சமையலறையில் பார்க்க வேண்டுமே! முழங்காலை மடக்கி, இரண்டு கையையும் விரித்து, அடுப்பை மறித்துக்கொண்டு நின்றார். தட்டெடுக்க வந்த மகளுக்கும் வழிவிடவில்லை. பால் நுரைத்துப் பொங்கி எழுந்தது, டக்கென்று அணைத்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, எடுத்துக்கோங்க" என்றாள்.

அவர் பீரோவை அண்ணாந்து பார்த்தார். மனைவிதான் கையை நீட்டி ஷூவை எடுத்தாள். ஜன்னலைப் பார்த்தபடியே ஒவ்வொன்றாக வீசினாள். ஒன்றைப் பிடித்துவிட்டார். மற்றது மூக்கில்.

"ஆளைப் பாத்துப் போடக் கூடாதா?"

"முப்பத்தஞ்சு வருஷமா எனக்கு யாரு பாத்துப் போட்டாங்களாம்?"