அம்மாவின் புறங்கை

அறுபதுகளில் எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் தெர்மாமீட்டர் கிடையாது. அம்மாவின் புறங்கைதான் இருந்தது. யாராவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவாள். உண்டு என்றால் நிலவேம்புக் கசாயம், கஞ்சி, சுட்ட அப்பளம். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

எனக்கு எட்டு வயதில், பிள்ளையார்பட்டித் தேருக்கு நாலு நாள் இருக்கும்போது பாழாய்ப்போன காய்ச்சல் வந்து தொலைத்தது. தேர் பார்க்காவிட்டால் செத்தே போய்விடுவேன் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். அடம் பண்ணாமல் மூன்று நாள் கசாயம் குடித்தேன். குடலே கசந்தது.

தேரன்று காலையில் அம்மா தொட்டுப் பார்த்தாள். இன்னொரு தரமும் பார்த்தாள்.

"சூடு இல்லடி. போயிட்டு வா."

என் கண் எரிந்துகொண்டுதான் இருந்தது. அதை நான் எதற்குச் சொல்லப்போகிறேன்? அம்மாவின் அக்காவான பெரியம்மா வண்டி கட்டியிருந்தாள். பட்டுப் பாவாடையோடு ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

ஊர் எல்லைகூடத் தாண்டவில்லை. என்னை மடியில் இழுத்து வைத்த பெரியம்மா, "அடி ஆத்தி, புள்ளைக்கு அனலாக் கொதிக்குது! வண்டியத் திருப்புங்க" என்று கத்தினாள். வழி நெடுக நான் வைத்த ஒப்பாரியில் மாடுகளே மிரண்டன.

"என்னக்கா, திரும்பி வந்துட்டீக?" என்றாள் அம்மா.

பெரியம்மா நேராகப் போய் அம்மாவின் நெற்றியில் கை வைத்தாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. காய்ச்சல் எனக்கு; அங்கே எதற்குத் தொடுகிறாள்?

"கூறுகெட்டவளே, ஒனக்கே இந்தக் கொதி கொதிக்குது. இந்தக் கைய வச்சா புள்ள சூடு எப்படித் தெரியும்? எத்தன நாளா இப்படி?"

"அடுப்படிச் சூடுக்கா, அது கெடக்கு."

பெரியம்மா தேருக்குப் போகவில்லை. அவளே கசாயம் காய்ச்சினாள். ஐந்து நாள் அம்மாவும் நானும் ஒரே பாயில் கிடந்தோம். ஆறாம் நாள் இருவரும் எழுந்து ரசம் சோறு கேட்டோம்.

ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. பெரியம்மாவின் கை நெற்றியில் பட்டதுமே அம்மா பொலபொலவென்று அழுதுவிட்டாள். கசாயத்துக்குப் பயந்துதான் அழுகிறாள் என்று நினைத்து, கிட்டே போய் அவள் காதில் சொன்னேன்:

"மூக்கப் பிடிச்சுக்கிட்டுக் குடிம்மா, கசக்காது."