மாசி மணக்கும் பூ மருந்து

சின்னக்கா, எங்கே இருந்தாலும் சிரிக்காதே. இன்று காலை உன் பூ மருந்தை நானே செய்தேன்.

சுனாமி கதிரவெளியில் எங்கள் வீட்டையும் தம்பியையும் கொண்டுபோன பிறகு அம்மா பேச்சை விட்டுவிட்டார். முகாமில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாயில் வைக்கமாட்டார். அப்போது ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து, பூவைக் கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு வெயிலில் வைத்துக் குடித்தால் மனக்கவலை குறையும் என்று சொல்லிவிட்டுப் போனார். எட்டாம் வகுப்போடு நின்ற நீ அன்றே டாக்டராகிவிட்டாய். கண்ணாடிக் கிண்ணத்துக்கு எங்கே போவது? மாசிக்கருவாடு வைத்திருந்த போத்தலைக் கழுவி எடுத்தாய். நீ கழுவிய அழகு எனக்குத் தெரியாதா!

உள்ளே சிவப்புச் செவ்வரத்தம்பூ. அம்மனுக்கு வைக்கிற பூ. அம்மா அதைப் பார்த்ததும் வலது கையைக் குழித்து நீட்டினார். ஊற்றியதைக் கண்ணில் ஒற்றி, ஒரு வாய் குடித்து, மிச்சத்தைத் தலையில் தெளித்துக்கொண்டார்.

"ஐயோ அம்மா, தலையில தெளிக்காதீங்க! இது மருந்து, குடிக்கிறது!" என்று கத்தினாய்.

அம்மா கையை மோந்து பார்த்தார்.

"தீர்த்தத்த மீன் போத்தலிலயா எடுக்கிற? உனக்கென்ன விசராடி?"

கடல் வந்தபிறகு அம்மா பேசிய முதல் பேச்சு அது. நீ அழுதுகொண்டே என்னை இடித்தாய். "பாத்தியா, மருந்து வேல செய்யுது!"

"மருந்தில்லக்கா, மாசி," என்றேன். தலையில் குட்டினாய்.

பிறகு போர் வந்தது. வாகரையை விட்டு எல்லோரும் ஓடிய அன்று, செல் குண்டு விழுந்த இடத்திலேயே நீ போய்விட்டாய். இப்போது வெல்லாவெளியில் பெரியம்மா வீட்டில் இருக்கிறோம். அம்மா மறுபடியும் பேசுவதில்லை.

அதனால்தான் இன்று மருந்து. உன்னைப்போல் இல்லை, பெரியம்மாவின் மாசிப் போத்தலைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். அம்மா அதேபோலக் கையைக் குழித்தார், ஒற்றினார், குடித்தார், தெளித்தார். ஒரு சொல்லும் இல்லை. சரி, நான் டாக்டர் இல்லை என்று எழும்பப் போனேன். அம்மா போத்தலை வாங்கி மோந்து பார்த்தார்.

"மாசி மணக்கல்லயே," என்றார். "அவள் செஞ்சா மணக்கும்."

மிச்சத்தை என் தலையில் ஊற்றிவிட்டு, என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு ஒரு பிடி சோறு கேட்டார்.

இதை வாசிக்கிற எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். கோயிலோ, பள்ளிவாசலோ, சேர்ச்சோ, நீங்கள் போகிற இடத்தில் எங்கள் சின்னக்காவுக்காகவும் ஒருதரம் வேண்டிக்கொள்ளுங்கள்.