பாறையில் காது வைத்தவர்

அறுபதுகளில் ஒருநாள், திண்டுக்கல்லிலிருந்து நண்பர்கள் மூவர் தேவாலாவுக்குப் போனோம். வெள்ளைக்காரர்கள் தங்கம் தேடிக் குவிந்து, பிறகு கைவிட்டுப் போன மலையூர் அது. பழைய சுரங்கத்தைக் காட்ட வந்த காவலாளி எங்கள் கன்னிவாடிப் பக்கத்துக்காரர். ஒற்றைநாடி உடம்பு, நரைத்த மீசை. பத்தடிக்கு ஒருதரம் நின்று பாறையில் காது வைப்பார்.

உள்ளே வெகுதூரம் போனபின் அவர் முகம் மாறியது.

"அப்பு, திரும்புங்க. பாறைக்குப் பின்னால எப்பவும் தண்ணி ஓடும். இன்னைக்குச் சத்தமே இல்ல. எங்கயோ தேங்குது. உடைச்சுக்கிட்டு வந்தா தப்ப முடியாது."

நண்பன் ஒருவன் மின்னிய கல்லைப் பெயர்க்க நின்றுவிட்டான். அவர் திரும்ப உள்ளே ஓடி அவனை இழுத்து வந்தார்.

வெளியே வெகுநேரம் நின்றோம். ஒன்றும் நடக்கவில்லை.

"சும்மா பயமுறுத்திட்டீங்களே!" என்றான் அந்த நண்பன்.

"நடக்கலைன்னா நல்லதுதான அப்பு."

நாங்கள் கிளம்பும்போது முள் வெட்டிச் சுரங்க வாயை அடைத்துக்கொண்டிருந்தார். அவர் பயந்தது சரிதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.