வாழைப்பழ வாசம்

அன்று மடுல்சீமை மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் பன்னிரண்டு பேரும், மேற்பார்வைக்கு நானும் இருந்தோம். கங்காணி வரவில்லை.

அவர்களில் நெற்றியில் கூடைக் கயிற்றுத் தழும்புள்ள ஓர் அக்கா, ஒவ்வொரு செடி நிரையிலும் நுழையுமுன் நின்று மோந்து பார்ப்பார். பெண்கள் என் பேச்சைவிட அவருடைய மூக்கைத்தான் நம்பினார்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளியில் உயர்தரம் வரை படித்த எனக்கு அது எரிச்சலாக இருந்தது.

நாங்கள் குளவி என்று சொல்லும் பெரிய தேனீ ஒன்று என் கையில் கொட்டியது. அடித்து நசுக்கினேன்.

“ஐயா, பழுத்த வாழைப்பழ வாசம் வருது. இது மத்ததையும் கூப்புடும். எறங்கிருவோங்க,” என்றார் அக்கா.

கொட்டிய தேனீயின் வாசத்தை உணர்ந்து கூட்டமே வரும் என்று பரீட்சையில் எழுதியவன் நான். ஆனால் என் மூக்குக்கு ஒன்றுமே எட்டவில்லை. அவருக்கு எட்டியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

“படிச்ச எனக்கு வராத வாசம் ஒங்களுக்கு வருதா? நிரையப் புடிங்க,” என்றேன்.

“நீங்க படிச்சது குளவிக்குத் தெரியாதேங்க ஐயா.”

பெண்கள் சிரித்து முடிக்குமுன் கூட்டம் இறங்கிவிட்டது. அக்கா தன் இடுப்பில் கட்டியிருந்த தடித்த படங்குத் துணியை அவிழ்த்து என்மேல் போர்த்திவிட்டார்.

அந்த மூக்கின்மேல் இன்றும் எனக்குப் பொறாமை உண்டு. பதுளை ஆஸ்பத்திரியில் எண்ணிப் பார்த்தபோது எனக்கு மூன்று கொட்டு, அவருக்கு நாற்பத்தொன்று.