கல்லில் இருந்த பெயருக்கு நான் கொடுத்த தேதி

“…மத்ததெல்லாம் மனசுல நின்னுடுச்சி பாப்பா, அந்தத் தேதிய மட்டும் இன்னொருக்கா சொல்லு” என்று பெரியம்மா கேட்டபோது, பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் டிபன் பாக்ஸ் என் கையில் இருந்தது. கொடிக்கம்பத்தைச் சுற்றிக் கூட்டம் இன்னும் கலையவில்லை. தடுமாறாமல் சொன்னேன். எப்படித் தடுமாறுவேன்? அது என் பிறந்த நாள்.

காணைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில், சண்டைக்குப் போய்த் திரும்பாத ஐந்து பேரின் பெயர் வெட்டிய கல் ஒன்று உண்டு. அதன்மேல் துண்டு காயும், சைக்கிள் சாயும். அந்த வருஷம் சுதந்திர தினத்துக்கு எங்கள் ஏழாம் வகுப்பு டீச்சர், அந்தப் பெயர்களை எங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். அவர் யார், எப்படி வாழ்ந்தார், எப்படிச் செத்தார் என்று விசாரித்து ஒரு பக்கம் எழுதி வந்து, கொடியேற்றியதும் படிக்க வேண்டும். எனக்கு வாய்த்தது பெரியம்மாவின் அப்பா. பெரியம்மா என்றால் என் அப்பாவின் அண்ணன் மனைவி. உள்ளூரிலேயே பிறந்து உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவள்.

நோட்டும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்தேன். வேர்க்கடலையை, எங்கள் பேச்சில் மல்லாட்டையை, உரித்தபடியே சொன்னாள்.

“நான் வயித்துல இருக்க சொல்ல போனவரு. பர்மாப் பக்கம்னாங்க. மடி நெறய வறுத்த மல்லாட்டையக் கட்டிக்கினு, தின்னுக்கினே நடந்தாராம். அப்புறம் ஒரு சேதியும் இல்ல. எங்கம்மா பொட்ட அழிக்கவும் இல்ல, ஆசையா வெச்சிக்கவும் இல்ல. அவ்ளோதான். எழுதிக்கினியா?”

மூன்று வரிதான் வந்தது. பக்கத்துக்கு இருபது வரி வேண்டும். தெருவில் நாலு வயசானவர்களைக் கேட்டிருக்கலாம். வெயிலில் அலையச் சோம்பல். ஒரு ஆற்றை ஓட விட்டேன். அதில் வெள்ளத்தை விட்டேன். அடிபட்ட கூட்டாளியைத் தோளில் தூக்க வைத்து, பெரியம்மாவின் அப்பாவைக் கரையேற்றி, அவர் நெஞ்சில் குண்டு பாய வைத்தேன். செத்த தேதி இல்லாதவர் வீரர் மாதிரியே தெரியவில்லை என்பதால் கடைசியில் அதையும் போட்டேன். படித்து முடித்ததும் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு அதோடு முடிந்தது. பெரியம்மாவுக்கு அங்கேதான் ஆரம்பம். செத்த நாள் தெரியாதவர்களுக்கு எங்கள் பக்கத்தில் மாளய அமாவாசை அன்றுதான் இலை போடுவார்கள்.

“ஊர்ல செத்தவங்க எல்லாரோடயும் கும்பல்ல நின்னு சாப்ட்டுக்கினு இருந்தாரு. இனிமே அவருக்குன்னு ஒரு நாளு” என்று தெருவெல்லாம் சொன்னாள்.

“திதி பாக்க வேணாமாக்கா?” என்று அம்மா கேட்டாள்.

“சண்டைக்காரங்களுக்குத் தேதியே போதும் போடி.”

எங்கள் வீட்டில் நட்சத்திரம் பார்ப்பார்களே தவிர, பிறந்த தேதியை யாரும் நினைவில் வைத்ததில்லை. அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

புரட்டாசியில் அமாவாசை வந்தது. எல்லா வீட்டிலும் படையல். பெரியம்மா வீட்டில் மட்டும் வெறும் ரசம். காக்கை அவள் வீட்டுச் சுவரில் வந்து உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது. “ஒரு மாசம் பொறு, ஐப்பசியில வா” என்று சிரித்துக்கொண்டே அதை அனுப்பி வைத்தாள். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் எங்கள் வீட்டு வடையைத் தின்றுகொண்டிருந்தேன்.

ஐப்பசியில் அந்த நாள் ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. முதல் ஆளாக என்னைத்தான் கூப்பிட்டாள். தலை முழுகி, வடை, பாயசம் எல்லாம் செய்து, தலைவாழை இலையின் ஓரத்தில் வறுத்த மல்லாட்டையைக் குவித்திருந்தாள். தன் அப்பாவின் படம் அவளிடம் ஏது? என் நோட்டுப் பக்கத்தைச் சுவரில் ஒட்டி, நாலு மூலையிலும் குங்குமம் வைத்து, மேலே பூச் சாத்தியிருந்தாள். என் குண்டுக் கையெழுத்தைப் பார்த்து அவள் கும்பிட்டாள்.

“பெரியம்மா, அந்தத் தேதி என் பொறந்த நாளு.”

கொளுத்தாத கற்பூரம் அவள் கையிலேயே இருந்தது.

“அப்ப அந்த ஆறு?”

“நானா எழுதினது.”

“கூட்டாளியத் தூக்கினது?”

“அதுவும்தான்.”

“மல்லாட்டை?”

“அது நீ சொன்னது.”

கற்பூரத்தைக் கீழே வைத்தாள். பிறகு என்னிடம் இல்லை, சுவரிடம் சொன்னாள்: “அமாவாசைக்கும் பட்டினி போட்டுட்டனே.”

நான் அடியை எதிர்பார்த்து நின்றேன். அவள் இலையை அந்தக் காகிதத்துக்கு முன்னாலிருந்து நகர்த்தி எடுத்து, என்னை உட்கார வைத்து, என் முன்னால் போட்டாள். “பொறந்த நாளுன்ற. சாப்புடு.”

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். அடிக்காமல் விட்டால் மன்னித்ததாக எடுத்துக்கொள்கிற வயது. பாயசம் ருசியாகக்கூட இருந்தது. ஒன்று மட்டும் குறையாகப் பட்டது. ஏன் மல்லாட்டையை மாத்திரம் எனக்குத் தரவில்லை என்று அப்போது விளங்கவில்லை. இலை ஓரத்திலிருந்த அதை ஒன்று விடாமல் பொறுக்கி, மடியில் கட்டிக்கொண்டு, பஞ்சாயத்து ஆபீஸ் வாசல் கல்லை நோக்கி நடந்தாள்.