வரலாற்று வகுப்பின் செருப்புகள்

போன வாரம் பேத்தி திவ்யாவைக் கல்லூரியில் சேர்க்கக் கூடப் போயிருந்தேன். நான் ஆயா வேலை பார்த்த அதே கலைக் கல்லூரிதான். கேட்டை நெருங்கியதும் என் கால் என்னைக் கேட்காமலே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டது. வெறுங்கால் சிமெண்டுத் தரையில் சுரீரென்று சுட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"என்ன பாட்டி, கோயிலுக்கா வந்திருக்கீக?" என்றான் வாட்ச்மேன்.

"ஆமாப்பா. சாமி நீதானான்னு பாக்க வந்தேன்."

அவன் சிரித்தான். எனக்கு அந்தச் சூட்டோடு சூடாகப் பழைய செருப்புக் குவியல் ஒன்று கண்ணில் வந்து நின்றது. உட்காருங்கள், சொல்கிறேன். சொல்லச் சொல்ல எழுதுவது பேத்திதான். என் பேச்சைத் திருத்தி நல்ல தமிழாக்குகிறாளாம். நான் என்னவோ கெட்ட தமிழில் பேசுவது மாதிரி.

கல்லூரிக்கு வருவதற்கு முன்னால் நானும் பட்டாசுக் கம்பெனியில்தான் இருந்தேன். சரவெடி பின்னுவேன். விரலெல்லாம் வெள்ளி பூசினது மாதிரி மினுங்கும். வீட்டுக்கு வந்து எத்தனை சோப்புப் போட்டாலும் சோற்றில் மருந்து வாடை அடிக்கும். என் வீட்டுக்காரர் அது என் சமையல் வாடை என்றே கடைசி வரைக்கும் நம்பினார். கம்பெனிக்குள் நுழையும்போது செருப்பு, ஊக்கு, வளையல், கொலுசு எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட வேண்டும். நைலான் சேலை கட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒன்றோடொன்று உரசிப் பொறி கிளம்பினால் என்ன ஆகும் என்று சிவகாசிப் பக்கம் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

கல்லூரியில் ஆயா வேலை கிடைத்தபோது, அடேயப்பா, செருப்போடு வேலை பார்க்கலாமா என்று ஒரு வாரம் பூரித்துப்போய்த் திரிந்தேன்.

அப்போதுதான் கல்லூரியில் ஒரு கலக்கம். எல்லாப் பிள்ளைகளும் கம்ப்யூட்டர், காமர்ஸ் என்று ஓட, வரலாற்று வகுப்பு ஈ ஓட்டியது. தாளாளர் பெரிய பட்டாசு முதலாளி. அவர் வந்து பார்க்கிற நாளில் பெஞ்சு நிறையாவிட்டால் வரலாற்றை மூடிவிட்டு அந்த அறையில் கம்ப்யூட்டர் போடப்போவதாக முதல்வரம்மா சொல்லிவிட்டார். வரலாற்று மேடம் மதுரைக்காரர். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல். அன்றைக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். தொடவே இல்லை.

"பிள்ளைங்கல்லாம் எங்கதான் போறாங்க அக்கா?" என்றார்.

"கம்பெனி வேன்ல போறாக மேடம். பிளஸ் டூ முடிச்ச மறுநாளே வேன் வந்து வாசல்ல நிக்கும்."

"அப்ப நாமளும் அங்க போவோம்."

போனோம். விஸ்வநத்தம் பக்கத்தில் ஒரு கம்பெனி. மேடம் பளபளவென்று பாலியஸ்டர் சேலை கட்டி வந்திருந்தார். போர்மேன் பதறிப்போய், "தாயி, அங்கனயே நில்லுங்க!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். வாயிலுக்கு வெளியே வெகு தூரத்தில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் நின்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் தூக்குச்சட்டியோடு வரக் காத்திருந்தோம்.

மாரி என்றொரு பிள்ளை. வாய் மட்டும் தனியாக வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும். அவள்தான் கேட்டாள்: "செத்துப்போன ராசாக்களப் படிச்சு நாங்க என்ன செய்ய?"

"ராசாவ விடும்மா. உங்க அம்மா இந்த வேலைக்கு எப்படி வந்தாங்க?" என்றார் மேடம்.

"மானம் பேஞ்சா வெள்ளாமை. பேயலைன்னா பட்டினி. அதான் களைவெட்டப் போன எங்க ஆத்தா, தீப்பெட்டி ஒட்ட வந்துட்டா."

"அதுதான் வரலாறு."

"இம்புட்டுத்தானா? அப்ப எங்க ஆத்தாகிட்டயே படிச்சுக்கிறேன்."

மேடத்தை முந்திக்கொண்டு நான் சொன்னேன்: "ஏட்டி, ஒங்காத்தா பட்டம் குடுப்பாளா? கறுப்பு அங்கி மாட்டிப் போட்டோ எடுப்பாளா?"

சோறு புரையேறச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் பாதி வேலை முடிந்தது. மீதியை மேடம் வீடு வீடாக ஏறி இறங்கி முடித்தார். ஒரு வீட்டில் நாய் துரத்தியது. மறுநாள் அதே வீட்டுக்கு பிஸ்கட்டோடு போனார். கம்பெனி வேன் எங்கள் கல்லூரி வாசலைத் தாண்டித்தான் போகும். போகிற வழியில் இறக்கிவிட்டுத் திரும்புகையில் ஏற்றிக்கொள்வதாக டிரைவர் ஒத்துக்கொண்ட பிறகுதான் தகப்பன்மார் தலையாட்டினார்கள்.

முதல் நாள் வேன் வந்து நின்றது. பிள்ளைகள் இறங்கினார்கள். யாரும் சொல்லாமலே செருப்பை வாசலில் கழற்றினார்கள். ஊக்கையும் வளையலையும் கழற்றிச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வரிசையாக உள்ளே போனார்கள். கம்ப்யூட்டர் வகுப்புப் பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

"போட்டுக்கிட்டுப் போ புள்ள," என்றேன் மாரியிடம்.

"பழகிப்போச்சு அத்தை. செருப்போட உள்ள நுழைஞ்சா நெஞ்சு திக்குங்குது."

தினமும் அதே கதை. மேடம் பாடம் நடத்த, நான் நாயிடமிருந்து செருப்பைக் காத்தேன்.

தாளாளர் வந்தார். வந்தது சரியான தீபாவளி சீசன். அவர் கம்பெனியிலிருந்து நின்ற பிள்ளைகள்தான் வகுப்பில் பாதி. காரை விட்டு இறங்கியவர் செருப்புக் குவியலைப் பார்த்தார். தன் பூட்ஸைக் கழற்றி அந்தக் குவியலோரம் வைத்துவிட்டு உள்ளே நடந்தார்! கம்பெனி வாசல் பழக்கம், மனுஷனுக்கே தெரியவில்லை. பின்னால் வந்த முதல்வரம்மா ஒரு நிமிஷம் விழித்தார். அவரும் குதிகால் செருப்பைக் கழற்றினார். அவரைப் பார்த்து அலுவலகமே கழற்றியது. கல்லூரியே வெறுங்காலோடு வரலாற்று வகுப்புக்குள் நுழைந்தது. நான் தூணுக்குப் பின்னால் நின்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

"சீசன்ல ஆளில்ல, ஆளில்லன்னு போர்மேன் பொலம்புறான். எல்லாம் இங்கனதான் இருக்கீகளா?" என்றார் தாளாளர்.

மாரி எழுந்து நின்றாள்.

"ஆமா மொதலாளி. ஒங்க கம்பெனி வர்றதுக்கு முன்னால இந்த ஊரு எப்பிடி இருந்துச்சுன்னு படிக்கோம்."

"யாரு சொன்னா?"

"எங்க ஆத்தா சொன்னா. மேடம் எழுதிப் போட்டாக."

அவர் பலகையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே முன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "எங்க தாத்தா தீப்பெட்டியத் தலையில சொமந்து சாத்தூர்ச் சந்தையில வித்தாரு. அது எங்க? அதையும் எழுதுங்கம்மா," என்றார். மேடம் எழுதினார். அதற்கப்புறம் அவர் பேசினார், பேசினார், மணி அடித்தும் பேசினார். மூட வந்தவரை வகுப்பை விட்டு வெளியே அனுப்புவதுதான் பெரும்பாடாகிவிட்டது. கடைசியில் வெறுங்காலோடே காரில் ஏறிப் போனார். நான்தான் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். வரலாறு பிழைத்தது.

இப்போது கல்லூரியில் மாடிக்கு மேல் மாடி. கேட்டில் மூஞ்சியைப் பார்த்துக் கதவு திறக்கிற மிஷின். வரலாற்று வகுப்பு மூன்றாவது மாடிக்கு ஏறிவிட்டது, பெயரோடு 'சுற்றுலா'வையும் ஒட்டிக்கொண்டு. இந்த வருஷமும் பெஞ்சு நிறையுமா என்று கவலைதானாம். திவ்யா அதில்தான் சேர்ந்திருக்கிறாள். கொஞ்சம் பூசின உடம்பு, ஒன்றரை இடம் நிறைந்தது என்று வைத்துக்கொள்ளலாம். (இதை அவள் எழுத மாட்டேன் என்றாள். எழுதவைத்தேன்.)

கேட்டோரம் துடைத்துவிட்டாற்போல் வெறுமையாக இருந்தது. ஒரு செருப்பு கிடையாது. வேனில் வந்து இறங்கிய பிள்ளைகள் கொலுசு சத்தம் போட, செருப்பு தரையில் தட்டத் தட்ட, பேசிக்கொண்டே உள்ளே போனார்கள். ஒருத்தி கூடக் குனிந்து காலைப் பார்க்கவில்லை. அவர்களுக்கு நடுவில் நான் மட்டும் வெறுங்காலோடு நின்றேன்.

திவ்யா திரும்பி வந்து என் செருப்பை எடுத்துக் காலடியில் போட்டாள்.

"மாட்டிக்கிட்டு வா அப்பத்தா. உள்ள ஒன்னும் வெடிக்காது."